சமாதானப் பட்டை

ஒரு மனிதனை எங்கே புதைப்பது என்று கேட்டு எங்கள் சபையில் ஏழு பேர் கண்ணை மூடி ஜெபித்தோம். ஆறு மணிக்கட்டுகளில் பச்சை எரிந்தது. என்னுடையதில் மட்டும் சிவப்பு. ஆகவே கோளாறு என்னிடம்தான் என்று முடிவாயிற்று. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களிடம் ஒரு பேச்சு உண்டு. பெண் பார்த்துவிட்டு வந்தாலும், வெளிநாட்டு வேலைக்கு எழுதிப் போட்டாலும், மனை வாங்கப் போனாலும், "ஜெபிச்சுப் பாத்தோம், சமாதானம் இருக்கு" என்பார்கள். பிடிக்கவில்லை என்றால் "சமாதானம் இல்லை". இந்த ஒரே வார்த்தையைச் சொல்லி எத்தனையோ நல்ல மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். கடவுளே சொல்லிவிட்டார் என்ற பிறகு அவர்களும் என்னதான் கேட்க முடியும்? பேசாமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

இந்தப் பேச்சை நம்பித்தான் கோயம்புத்தூர்க்காரர்கள் அந்தப் பட்டையைச் செய்தார்கள். மணிக்கட்டில் கட்டிக்கொண்டு ஜெபித்தால் நாடித் துடிப்பு, தோலின் ஈரம், நரம்பின் அதிர்வு என்று எதையெல்லாமோ அளக்கும். மனம் அமைதியாக இருந்தால் பச்சை, கலங்கியிருந்தால் சிவப்பு. சமாதானப் பட்டை என்று பெயர். வந்த புதிதில் ஊரே அதைக் கட்டிக்கொண்டு அலைந்தது. சீலா மீன் விலையைக் கேட்டுவிட்டு, கூடைக்கு முன்னாலேயே கண்ணை மூடுகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். நான் பல் டாக்டர். பெயர் எப்சிபா. என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, ஜெபித்து, சிவப்பு எரிந்ததும் "இன்னைக்கு தேவ சித்தம் இல்ல டாக்டர்" என்று இறங்கிப் போனவர்கள் ஒருவர் இருவர் அல்ல. பல்லைப் பிடுங்கப் போகிற நேரத்தில் யாருக்கு ஐயா சமாதானம் இருக்கும்?

சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் திருச்சபை மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இனிமேல் சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டிகளில் வாக்குவாதம் வேண்டாம், வாக்கெடுப்பும் வேண்டாம். விஷயத்தைச் சொல்லி மௌனமாக ஜெபியுங்கள், பெரும்பாலான பட்டைகள் பச்சையானால் அதுவே தீர்மானம் என்றார்கள். கமிட்டியில் நாற்காலி பறந்த காலமெல்லாம் எங்களுக்கு நினைவிருந்ததால் எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னோம். நானும்தான் சொன்னேன்.

சீலாஸ் செத்துப்போன அன்று மாலை, நான் உட்பட ஏழு பேர் கொண்ட எங்கள் கமிட்டி கூடியது. சீலாஸ் எங்கள் மிஷன் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஓட்டுநர். நாற்பத்திரண்டு வயது. வண்டியைக் கழுவிக்கொண்டு இருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார், மூளையில் ரத்தக் கசிவு. அவர் ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தெரு. அவர் மனைவி லீதியாள் இந்தப் பக்கத்துத் தெரு, எங்கள் கமிட்டிச் செயலாளர் நவமணி அண்ணாச்சியின் சொந்தத் தம்பி மகள். சாதி என்ற சொல்லை எங்கள் சபையில் யாரும் உச்சரிக்க மாட்டோம். ஓடை என்போம். ஞாயிற்றுக்கிழமை ஒரே கோயில், ஒரே கிண்ணத்தில் திருவிருந்து. செத்தால் மட்டும் இரண்டு கல்லறைத் தோட்டம். இந்தப் பக்கத்தது மதில் சுவரும் வேப்ப மரமுமாக மேட்டில் இருக்கிறது. அந்தப் பக்கத்தது, ஐப்பசியில் மழை பிடித்தால் முழங்கால் தண்ணீரில் கிடக்கும்.

லீதியாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவர்களுக்கு அக்சா என்று ஒரு பெண் குழந்தை இருந்தது. நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டது. ஏழு வருஷத்துக்கு முன்னால், பட்டை வராத காலம். லீதியாளின் அப்பா அப்போது உயிரோடு இருந்தார். "என் பேத்தி, என் இடத்துல படுப்பா" என்று சொல்லி, யாரையும் கேட்காமல் மேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் தன் குடும்பத்து இடத்தில் குழந்தையை வைத்துவிட்டார். அந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் அதன் தகப்பனை வையுங்கள் என்றாள் லீதியாள். அவ்வளவுதான்.

"நம்ம யாருக்கும் சீலாஸ் மேல ஒரு வருத்தமும் கிடையாது," என்று ஆரம்பித்தார் நவமணி அண்ணாச்சி. "தங்கமான பய. எனக்கு நெஞ்சு வலி வந்தப்ப அவன்தான் பாளையங்கோட்டைக்குப் பறந்தான். ஆனா கல்லறைத் தோட்டம்னு இருந்தா ஒரு வழக்கம் இருக்குல்லா."

"என்ன வழக்கம் அண்ணாச்சி? அதையும் சொல்லிருங்க."

"ஒங்களுக்குத் தெரியாததா டாக்டர்?"

"எனக்குத் தெரியும். ஒங்க வாயால கேக்கணும்னு ஆசைப்படுதேன்."

அவர் சிரித்தார். கோபப்படவே இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "எல்லாத்தையும் வாயால சொல்லணுமா என்ன? அதுக்குத்தான பட்டை குடுத்திருக்காங்க. ஜெபிச்சுப் பாத்துருவோம்."

எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் அழைப்போம். பாக்கியநாதன் ஐயர் நல்ல மனிதர் என்று பெயர் வாங்கியவர். முப்பது வருஷமாக மனசாட்சியைப் பற்றியே பிரசங்கம் செய்து ஜனங்களை அழ வைத்தவர். அவர் கையை உயர்த்தி, "ஆண்டவரே, விதவையாகிய லீதியாளுடைய விண்ணப்பத்தை உம்முடைய சமுகத்தில் வைக்கிறோம், மறுத்துவிடலாம் என்று எண்ணுகிறோம், உமது சித்தத்தை விளங்கப்பண்ணும்" என்றார். எல்லோரும் தலையைக் குனிந்தோம். தலை நிமிர்ந்தபோது மேஜையைச் சுற்றி ஆறு பச்சை. அந்த ஆறு பேரில் நாலு பேர் சீலாஸின் வண்டியில் படுத்துக்கொண்டு போய் உயிர் பிழைத்து வந்தவர்கள்.

"டாக்டரம்மாவுக்கு மட்டும் சமாதானம் இல்லையே," என்றார் ஐயர், உண்மையான அக்கறையோடு. "சமாதானம் இல்லாத இருதயத்தில் தேவ சித்தம் எப்படி விளங்கும்? நீங்கள் ஒருநாள் உபவாசித்து ஜெபியுங்கள் அம்மா."

"நான் உபவாசம் இருக்கது இருக்கட்டும் ஐயா. இந்த ஆறு பட்டையையும் சோதிக்கணும். இதுல ஏதோ கள்ளத்தனம் நடந்திருக்கு."

அவர்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. என் பட்டைதான் பழுது என்று நிரூபணமானால் தீர்மானம் ஏகமனதாகிவிடும் அல்லவா? சோதித்துவிடலாம் என்று நவமணி அண்ணாச்சியே முந்திக்கொண்டு சொன்னார்.

மறுநாள் காலையில் திருநெல்வேலியிலிருந்து பட்டை நிறுவனத்தின் பொறியாளர் வந்தார். பிரின்ஸ்டன் என்று பெயர், நாகர்கோவில்காரர், முப்பது வயதிருக்கும். ஏழு பட்டைகளையும் வரிசையாக வைத்து, கணினியோடு இணைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோயிலை ஒட்டிய கமிட்டி அறையில் ஐயரும் நானும் மட்டும் எதிரே உட்கார்ந்திருந்தோம். வெளியே ஒலிபெருக்கியில் சாவு அறிவிப்பு போய்க்கொண்டிருந்தது. அடக்க ஆராதனை எங்கே என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

"மேடம், யாரோ உள்ள புகுந்து பச்சையா மாத்தி வச்சிருக்காங்கன்னு நெனச்சீங்க, இல்லையா?" என்றார் பிரின்ஸ்டன்.

"ஆமா."

"யாரும் தொடல. ஏழும் நல்லா வேலை செய்யுது. உங்களோடதும்தான்."

"அது எப்படிங்க? புருஷனைப் பறிகொடுத்துட்டு ஒருத்தி நிக்கா. அவகிட்ட முடியாதுன்னு சொல்லப் போறோம். ஆறு பேருல ஒருத்தருக்குக்கூடவா உள்ள ஒண்ணுமே செய்யாது?"

அவர் கணினியை என் பக்கம் திருப்பினார். "இது நவமணி சாரோடது. இந்த இடத்துலதான் ஐயா அந்தம்மா பேரைச் சொல்லி ஜெபிச்சிருக்காங்க. கோட்டைப் பாருங்க."

அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல் கோடு நேராக ஓடியது.

"தூங்கும்போதுகூட இதைவிடக் கொஞ்சம் ஏறி இறங்கும் மேடம். அவங்க யாரும் நடிக்கல. நெஜமாவே நிம்மதியா இருந்திருக்காங்க." அவருக்கே அதைச் சொல்ல கூச்சமாக இருந்தது. "மனசு கலங்குதா கலங்கலையான்னு இது சொல்லும். ஏன் கலங்கலன்னு இதுக்குத் தெரியாது. அதைப் பெட்டியிலேயே அச்சடிச்சுத்தான் குடுக்கோம். யாரு படிக்கா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் கோபம் இரண்டு மடங்காயிற்று. கள்ளத்தனம் நடந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். திருடனைப் பிடித்துவிட்டால் தீர்ந்தது. இங்கே பிடிப்பதற்கு யாருமே இல்லை.

"பிரின்ஸ்டன், பல்லு வலிக்கலன்னு ஒருத்தர் எங்கிட்ட வந்தா ரெண்டுல ஒண்ணுதான்," என்றேன். "ஒண்ணு, பல்லு நல்லாருக்கும். இல்லன்னா உள்ள நரம்பு செத்துப்போயிருக்கும். செத்த பல்லுல ஐஸை வச்சாக்கூடத் தெரியாது. அந்த ஆளு நல்லாச் சாப்பிடுவாரு, நல்லாத் தூங்குவாரு. சீழு உள்ளுக்குள்ள எலும்பு வரைக்கும் போயிருக்கும். ரெண்டு பேரும் ஒங்க பட்டையைக் கட்டுனா பச்சைதான எரியும்?"

"ஆமா மேடம்."

ஐயர் மெதுவாக எழுந்து வந்து, "தம்பி, என்னுடையதைக் காட்டுங்கள்," என்றார். பிரின்ஸ்டன் தயங்கிவிட்டுக் காட்டினார். அதுவும் நேர்க்கோடுதான். லீதியாளுடைய பெயரை அவரே தம் வாயால் சொன்ன இடத்தில் ஓர் அசைவும் இல்லை. ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இதை அசைய வைக்க ஏதாவது வழி இருக்கிறதா தம்பி?"

பாவம், அந்தப் பையன் கணினியின் வயரைச் சுற்ற ஆரம்பித்தான்.

"வழி இருக்கு ஐயா," என்றேன் நான். "எந்திரிச்சு வாங்க. லீதியாள் வீட்டுக்குப் போவோம்."

வந்தார். பட்டையையும் எடுத்துக் கட்டிக்கொண்டார். ஓடையின் சிறிய பாலத்தைத் தாண்டி இரண்டாவது வீடு. வாசலில் பந்தல், நடுவில் ஃப்ரீசர் பெட்டி, அதற்குள் சீலாஸ் ஆஸ்பத்திரிச் சீருடையோடு. லீதியாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். ஐயருக்கு நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தார், ஜெபித்தார், பெட்டியின் கண்ணாடி வழியாகச் சீலாஸின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் தம் மணிக்கட்டைப் பார்த்தார். மறுபடி முகம், மறுபடி மணிக்கட்டு. பச்சை போகவே இல்லை.

"ஐயாவுக்கு நேரமாவுதோ?" என்று கேட்டாள் லீதியாள்.

அவர் கையை மடிக்குள் வைத்துக்கொண்டார். "கமிட்டித் தீர்மானம் அம்மா. நான் ஒருவன் என்ன செய்யட்டும்? என் பட்டை சிவந்திருந்தால் நானே நிறுத்தியிருப்பேன். தலைவரின் பட்டை சிவந்தால் நடப்பது எதுவானாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும் என்றுதான் சட்டம். சிவக்கவில்லையே."

எனக்குப் பொறுமை போய்விட்டது. சாவு வீடு என்றும் பார்க்கவில்லை. "ஐயா, இது தப்புன்னு ஒங்களுக்குத் தெரியுதா தெரியலையா? அதை மட்டும் சொல்லுங்க."

"தெரிகிறது டாக்டரம்மா."

"தெரிஞ்சா போதாதா? அதுக்கு லைட்டு வேற எரியணுமா?"

"தெரிகிறதுதான். ஆனால் சமாதானமாக இருக்கிறதே," என்றார் அவர். பரிதாபமாகத்தான் சொன்னார். எனக்குப் பரிதாபம் வரவில்லை. முப்பது வருஷமாக மற்றவர்களின் மனசாட்சியைத் தட்டி எழுப்பியவர், தம்முடையதை எழுப்பக் கோயம்புத்தூர்க்காரனின் தயவுக்குக் காத்திருக்கிறார்!

லீதியாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஐயரிடம் திரும்பி, பெட்டியைக் காட்டி, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"அப்ப இவிய எம்பிள்ளைகிட்ட வரக்கூடாது. அப்படித்தான?"

ஐயர் மடிக்குள் இருந்த மணிக்கட்டைப் பார்த்தார்.

"சரி. எம்பிள்ளையைத் தோண்டி எடுத்து எங்கிட்ட தந்துருங்க. அது அவிய அப்பாகிட்ட வரட்டும். அது வந்தாத்தான் இவியள நான் குழியில எறக்குவேன்."

"லீதியாள், அவசரப்படாதம்மா. மதுரைக்குப் போயி கேஸ் போடுவோம், நான் பாத்துக்கிடுதேன்," என்றேன். கோர்ட்டில் நிச்சயம் ஜெயிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

"எத்தனை நாளு டாக்டர்? இவிய பெட்டிக்குள்ள கெடக்காவ." அவள் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். "ஜெயிச்சாலும் அந்த மதிலுக்குள்ள, வேண்டாம்னு சொன்னவிய நடுவுல இவிய கெடக்கணும். நான் செத்தா என்னையும் அங்க கொண்டு வரணும். வேண்டாம் டாக்டர். எனக்கு அந்த மண்ணே வேண்டாம்."

அன்று பிற்பகலே கமிட்டி மறுபடி கூடியது. குழந்தையை எடுத்துக்கொள்ள அனுமதிக்கலாமா என்று ஜெபித்தோம். தலையைக் குனிந்து நிமிர்வதற்குள் ஆறு பச்சை. என்னுடையது பழையபடி சிவப்பு. புதைத்ததைத் தோண்ட வேண்டுமென்றால் அரசாங்க அனுமதி வேண்டும். சாதாரண மனிதர்கள் அதற்கு மாதக்கணக்கில் நடக்க வேண்டியிருக்கும். நவமணி அண்ணாச்சி இரண்டு போன்தான் பேசினார். மறுநாள் பத்து மணிக்கு உத்தரவு கையில் இருந்தது. "நம்ம வீட்டுப் பிள்ளை ஆசைப்பட்டுக் கேக்கா, செஞ்சு குடுக்கணும்லா," என்று என்னிடமே சொன்னார். அண்ணாச்சி, அது உங்கள் தம்பியின் பேத்தி, உங்கள் தம்பியே தோண்டிய குழி என்று கத்தினேன். அவர் மணிக்கட்டு அப்போதும் பச்சையாகத்தான் இருந்தது.

மேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் மதியத்துக்கு மேல் கூடினோம். கமிட்டி முழுவதும் வந்திருந்தது. கிராம நிர்வாக அலுவலர் ஓரமாக நின்றார். ஐயர் வெள்ளை அங்கியில் வந்திருந்தார், கையில் ஜெபப் புத்தகம். செத்தவர்களை மண்ணில் வைப்பதற்கு ஜெபம் உண்டு, மண்ணிலிருந்து எடுப்பதற்கு எங்கள் சபையில் ஜெபம் ஏது? இரவெல்லாம் உட்கார்ந்து அவரே ஒன்றை எழுதி, அதைப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். லீதியாள் யாரோடும் சேராமல் குழிக்கு நேர் எதிரே நின்றாள். அவள் கையில் ஒரு சின்ன மரப்பெட்டி, புதிது, வார்னிஷ் வாசம் போகாதது.

வெட்டுகிறவர்கள் நிதானமாகத்தான் வெட்டினார்கள். கடைசியில் ஒருவர் உள்ளே இறங்கி, வெள்ளைத் துணியை விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்து மூட்டை கட்டினார். நாலு வயதுப் பிள்ளை, என்ன பெரிய பாரம் இருந்துவிடப் போகிறது? ஒற்றைக் கையில் மேலே நீட்டினார். மூட்டையின் ஓரத்தில் ஒரு கொலுசு வெளியே தெரிந்தது. மண்ணேறிக் கறுத்துப்போயிருந்தது. லீதியாள் அதைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் ஐயரைப் பார்த்தேன். அவர் அந்தக் கொலுசைப் பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகத்தைப் பிடித்திருந்த கையில் பட்டை சிவந்தது.

மங்கலாக இல்லை, நன்றாகவே சிவந்தது. வெயிலிலும் தெரிந்தது. அவரும் பார்த்தார். இனி ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் நிற்க வேண்டும். அந்தக் குழந்தை திரும்ப அதன் இடத்துக்குப் போகும். சிவந்த பிறகு அதன் தகப்பனை மட்டும் எந்த முகத்தோடு மறுப்பார்கள்? அவரும் பக்கத்தில் வருவார். கமிட்டியே ஒப்புக்கொண்ட சட்டம், அவர் வாயாலேயே சொன்ன சட்டம். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அசைந்துவிட்டது, அசைந்துவிட்டது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஐயர் நவமணி அண்ணாச்சியைப் பார்த்தார். அப்புறம் கமிட்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் அங்கியின் நீளமான கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஐயா, கையைக் காட்டுங்க," என்றேன்.

"டாக்டர், பிள்ளையை எடுக்கிற நேரத்துல சத்தம் போடாதீங்க," என்றார் நவமணி அண்ணாச்சி.

"ஐயா! கையை எல்லாருக்கும் காட்டுங்க!"

ஐயர் என்னைப் பார்க்கவில்லை. புத்தகத்தைத் திறந்து, "ஜெபிப்போமாக," என்றார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். குரல் கொஞ்சமும் பிசகாமல் அவர் வாசித்தார். அழகான ஜெபம். பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

லீதியாள் கண்ணை மூடவில்லை. மூட்டையை வாங்கிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். பிள்ளையைத் தூக்குவதுபோல் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசலைத் தாண்டி ஓடைப் பக்கம் நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். அவர்கள் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அங்கே குழி மட்டும்தான் இருந்திருக்கும்.